ஒரு ஆள் அகலம்

கருங்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
ஸ்டுடியோ, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம்,
மூன்றும் ஒரே ஷட்டருக்குள்.
மழை பிடித்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் உள்ளே.

பதினொரு மணிக்கு லெற்றிஷா வந்தாள்.
மிடாலத்துப் பக்கம் வீடு, டப்ளினில் நர்ஸ்.
மேசையில் எடுத்து வைத்தாள்:
மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்,
மை வாசம் போகாத புது பாஸ்போர்ட்,
அப்புறம் அந்தக் கார்டு,
ஆயுளுக்கும் வந்து போகலாம் என்று
இந்தியா கொடுத்தது.
அதில் இன்னும் பழைய புத்தகத்தின் நம்பர்.

"புது நம்பரை ஏத்தணும் அண்ணா.
போட்டோவும் புதுசு கேக்கியாவ."

ஏற்றுவேன், இதுதான் என் பிழைப்பு.
சந்தையில் மரச்சீனி வாங்க வருகிற
பாதி வீட்டுப் பிள்ளைகளின் காலாவதித் தேதி
எனக்கு மனப்பாடம்.
மனைவியின் பிறந்தநாளைத்தான்
இரண்டு தடவை மறந்தேன்.

போன மாதம் டப்ளின் கவுண்டரில்
ஒருத்தி பக்கம் புரட்டி, விரல் மடக்கி எண்ணினாளாம்.
நாலு மாதம் பத்தொன்பது நாள்.
ஆறு மாதம் வேண்டும்.
"வீட்டுக்குப் போறேன்னு செல்லினேன்.
எந்த வீட்டுக்குன்னு கேட்டா.
தம்பி கல்யாணம்னு செல்லினேன்.
அவளும் பாவம். சிஸ்டம் விடல்லியாம்."

அதே புத்தகம் அங்கே திரும்பிப் போக
கடைசி நாள் வரை செல்லும்.
அந்த நாட்டுக்காரி அந்த நாட்டுக்குள் நுழைய
ஒரு நாள் மிச்சமிருந்தால் போதும்.
பிறந்த ஊருக்கு வரத்தான்
அரை வருசம் முன்பணம்.
எனக்கு ரெண்டு நாடு என்று
நிறையப் பேர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.
நான் நிரப்பும் எந்தப் படிவத்திலும்
அப்படி ஒரு கட்டம் இல்லை.
திருத்துவதை விட்டுவிட்டேன்.

புதுசு வரப் பதினாறு நாள்.
அவள் திருவனந்தபுரத்தில் இறங்கி
மார்த்தாண்டம் பாலம் ஏறியபோது
பந்தல் பிரித்து, நாற்காலி எண்ணி,
வாடகைக் கடைக்குப் போய் ஆறு நாள்.

திரையை இழுத்தேன். கண்ணாடி கழற்றச் சொன்னேன்.
காது தெரியணும், கம்மல் மின்னக் கூடாது,
சிரிக்கக் கூடாது.
அங்கே கேட்பது நீளம், இங்கே சதுரம்.
சதுரமாக வெட்டி ஏற்றினேன்.
இருநூற்றைம்பது ரூபாய்.

பணத்துக்குப் பதில் போனை நீட்டினாள்.
மத்திக்கோடு சர்ச் வாசலில் குடும்பப் படம்.
நடுவில் தம்பி பிரஜின், புதுப்பெண்.
அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையே
ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் சுவர்.
போட்டோக்காரன் நெருங்கி நிற்கச் சொல்லச் சொல்ல
அம்மா நகரவில்லையாம்.

"இதுல என்னையும் நிறுத்தித் தருவியளா?"

நிறுத்தினேன்.
இப்போது எடுத்த முகம்,
வேறு யாரோ கல்யாணத்துப் பட்டுச்சேலை,
வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து
தரையில் கொஞ்சம் நிழல்.
எல்லாரும் சிரிக்கிறார்கள்.
அவள் மட்டும் அதிகாரியைப் பார்க்கிறாள்.

"இன்னொண்ணு எடுப்போம். சிரியுங்க."
மூன்று எடுத்தேன்.
மூன்றிலும் பல் தெரிந்தது, அவ்வளவுதான்.
நாலாவதுக்கு லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது
குளச்சல் பஸ் எடுத்துவிட்டது,
ஒருவர் பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் ஓடினார்,
கண்டக்டர் பழத்தை மட்டும் ஏற்றிக்கொண்டார்.
அவள் சிரித்தாள். அமுக்கிவிட்டேன்.

நல்ல படம். ஆனால் முகம் திரும்பியிருந்தது
சித்தப்பா பக்கம்.
அம்மாவுக்குப் பின்தலை.

"திருப்பிப் போடலாம்" என்றேன்.
"இடது கன்னத்து மச்சம் வலதுக்குப் போயிரும்.
அடையாளம் மாறும்."
"இதுக்கு யாரு முத்திரை குத்தப் போறா?
மாறட்டும்."

மச்சம் இடம் மாறி
அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.
அம்மா கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதை நான் தொடவில்லை.

பிரிண்ட் பாதியில் கரண்ட் போய், வந்தது.
மழைக்கு ஒதுங்கினவர்கள் எட்டிப் பார்த்து
கல்யாணம் யாருக்கு என்றார்கள்.
"லேமினேசன் போட்டா
பத்து வருசம் நிக்கும்" என்றேன்.

சில்லறை எண்ணிக்கொண்டே
ஒன்பதரை என்றாள்.